ஆய்வகத்தில் வேலை செய்த அமிலம் கொட்டகையில் ஏன் செய்யவில்லை: கோமாரி வைரஸும் கிருமிநாசினிச் சோதனையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பெரிய பால் பண்ணையில் கோமாரி வந்து அடங்கியிருந்தது. ஓ வகை வைரஸ் என்று அரசு ஆய்வகம் உறுதி செய்திருந்தது. பெரிய மாடுகள் வாய்ப்புண், கால் புண் எல்லாம் பட்டு மெல்லத் தேறிவிட்டன, பால் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இளங்கன்றுகள் சில இறந்துபோயின. கோமாரி கன்றுகளின் இதயத் தசையைத் தாக்கும் என்பதால் பெரிய மாடு பிழைக்கிற அதே நோயில் கன்று திடீரென்று விழுந்து சாவது நடக்கிற விஷயம்தான்.

இனி ஒரு கொட்டகையை முழுசாகக் காலி செய்து, கழுவி, மருந்தடித்து, வெளியிலிருந்து சினைக் கிடேரிகளைக் கொண்டுவர வேண்டும் என்பது பண்ணையின் திட்டம். வேலையை அவர்கள் அரைகுறையாகச் செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாணத்தை வழித்தெடுத்தார்கள். 4 சதவீத சலவை சோடாக் கரைசலால் தரை, சுவர், தீவனத் தொட்டி எல்லாவற்றையும் தேய்த்தார்கள். அது காய்வதற்குள், அதே நாளில், 0.2 சதவீத சிட்ரிக் அமிலத்தைத் தெளிப்பானில் அடித்தார்கள். சோடாவும் சிட்ரிக் அமிலமும் கோமாரிக்கு எதிராக உலக கால்நடை நல அமைப்பு சொல்லும் வேதிப்பொருட்கள், செறிவும் அங்கே சொன்ன அதே செறிவு. இரண்டையும் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது அவர்கள் கணக்கு. வாசலில் கால் நனைக்கும் தொட்டியிலும் வண்டிச் சக்கரத் தொட்டியிலும் குவாட்டர்னரி அமோனியம் (சுருக்கமாகக் குவாட்) வகைக் கிருமிநாசினி இருந்தது. பால் கறக்கும் இடத்துக்கு ஏற்கனவே வாங்கி வைத்திருந்தது, அதையே வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து தொட்டி விளிம்பு, மரத் தடுப்புகள், கழிவுநீர் வாய்க்கால் ஓரம் ஆகிய இடங்களில் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுத்து அனுப்பினார்கள். வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையில் பல இடங்கள் பாசிட்டிவ் என்று வந்தது. பண்ணை மேலாளர் பதறிப்போய், இருப்பதிலேயே கடுமையான மருந்தை வாங்கி மறுபடி அடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர்தான் அவரை நிறுத்தி வைத்து எங்கள் ஆய்வகத்தைத் தொடர்புகொண்டார். வந்த கேள்வி ஒற்றை வரி: குவாட், ப்ளீச்சிங் பவுடர், சிட்ரிக் அமிலம், சலவை சோடா, பெராக்ஸிமோனோசல்ஃபேட் பொடி, இந்த ஐந்தில் எது இந்த வைரஸைக் கொல்லும்?

முதல் கேள்வி: அந்த பாசிட்டிவ் எதைச் சொல்கிறது?

மருந்துகளைத் தொடுவதற்கு முன் பிசிஆர் முடிவைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. கோமாரி வைரஸ் மிகச் சின்னது, சுமார் 30 நானோமீட்டர். வெளியே கொழுப்பு உறை கிடையாது. 60 ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த புரதக் கூடு, உள்ளே 8,400 எழுத்துகள் அளவுக்கு ஒற்றை இழை ஆர்என்ஏ என்ற மரபுப்பொருள், அவ்வளவுதான். அமிலம் பட்டால் கூட்டில் இருக்கும் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன, கூடு பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. கூடு போனால் வைரஸ் மாட்டின் செல்லுக்குள் நுழைய வழியில்லை. ஆனால் ஆர்என்ஏ அதே நொடியில் மறைந்துவிடுவதில்லை. பிசிஆர் தேடுவதோ அந்த 8,400-ல் நூறு எழுத்து சொச்சம் நீளமுள்ள ஒரு சின்னப் பகுதியை. ஆகவே முழுசாகச் செயலிழந்துபோன வைரஸின் மிச்சமும் பாசிட்டிவ் காட்டும்.

சரி, அப்படியானால் அந்த பாசிட்டிவைத் தள்ளிவிடலாமா? அதுவும் முடியாது. உயிருள்ள வைரஸ் இருந்தாலும் அதே பாசிட்டிவ்தான் வரும். மருத்துவருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: இந்த முடிவு "இங்கே வைரஸ் இருந்தது" என்று சொல்கிறது, "இருக்கிறது" என்றோ "இல்லை" என்றோ சொல்லவில்லை. இதை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம், கிடேரிகளையும் கொண்டுவர வேண்டாம். மிச்சமிருந்த மாதிரிகள் செல் வளர்ப்பில் வைரஸ் வளர்கிறதா என்று பார்க்க உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போயின. எதுவும் வளரவில்லை. ஆனால் துடைத்த பஞ்சிலேயே சோடாவும் அமிலமும் ஒட்டியிருந்தன, அதை நடுநிலையாக்கும் திரவத்தில் போட்டு அனுப்பவில்லை. வழியில் செத்த வைரஸா கொட்டகையில் செத்த வைரஸா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் அந்த நெகட்டிவையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

எந்த வைரஸை வைத்துச் சோதிப்பது?

எங்கள் ஆய்வகத்தில் உயிருள்ள கோமாரி வைரஸைத் திறக்க அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. 2007-ல் இங்கிலாந்தில் கோமாரி பரவியபோது, அது பிர்பிரைட் ஆய்வு வளாகத்தில் கையாளப்பட்ட வைரஸ் வகைதான் என்பதும், பழுதான கழிவுநீர்க் குழாய் வழியாக வெளியே போயிருக்க வேண்டும் என்பதும் விசாரணையில் வந்தது. அவ்வளவு பாதுகாப்பு உள்ள இடத்துக்கே அந்த நிலை. எனவே முதல் கட்டத்தை மாற்று வைரஸில் செய்து, தேறுகிற இரண்டு மூன்று வழிகளை மட்டும் உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் அசல் வைரஸில் சரிபார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

இந்த வேலையில் மிக அதிகமாக யோசித்த இடம் மாற்று வைரஸைத் தேர்ந்தெடுப்பதுதான். கால்நடைத் துறைக் கிருமிநாசினிகளுக்கான ஐரோப்பியத் தரமுறை ஈஎன் 14675 மாட்டு என்டெரோவைரஸைத்தான் கேட்கிறது. அதுவும் கோமாரி வைரஸின் குடும்பம், அதுவும் உறையில்லாதது, அசைக்க முடியாதது. அதைக் கொல்கிற மருந்து பெரும்பாலான வைரஸ்களைக் கொல்லும் என்பது அந்தத் தரமுறையின் நியாயம், பொதுவாக அது நல்ல நியாயமும்கூட. ஆனால் என்டெரோவைரஸ் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போகிற வைரஸ். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம்) 3-ல் கூட அசையாது. கோமாரி வைரஸோ பிஎச் 6-க்குக் கீழே போனாலே உடைந்துவிடும். என்டெரோவைரஸை மட்டும் வைத்துச் சோதித்தால் சிட்ரிக் அமிலம் "தோல்வி" என்று அறிக்கை வரும், பண்ணைக்காரர் இருப்பதிலேயே மலிவான, கையாளச் சுலபமான பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் ஆபத்தான ஒன்றுக்குப் போவார். அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது, ஆனாலும் அது தவறாக வழிநடத்தும்.

எனவே இரண்டு வைரஸ். ஒன்று தரமுறை சொல்லும் மாட்டு என்டெரோவைரஸ். இன்னொன்று குதிரை ரைனைட்டிஸ் ஏ வைரஸ். இது கோமாரி வைரஸின் அதே ஆஃப்தோவைரஸ் இனத்தைச் சேர்ந்தது, அதைப் போலவே அமிலத்தில் உடையும், ஆனால் அந்த அளவு கடுமையான பாதுகாப்பு இல்லாமல் கையாளலாம். முதலாவதில் ஒரு மருந்து தேறினால் கெட்டியான நம்பிக்கை. இரண்டாவதில் மட்டும் தேறினால், அது அமிலத்தன்மையால் வேலை செய்கிறது, அந்த அமிலத்தன்மை கெடாமல் இருக்கும்வரைதான் வேலை செய்யும் என்று பொருள். பின்னால் நடந்ததற்கு இந்தப் பிரிவுதான் சாவியாக இருந்தது.

சோதனை நிலைமைகள்

தரமுறைச் சோதனை 10 டிகிரி செல்சியஸில், 30 நிமிடத் தொடர்பு நேரத்தில், குறைந்தது 4 லாக் குறைவைக் கேட்கிறது. 4 லாக் என்றால் பத்தாயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சலாம். அழுக்குக்குப் பதிலாக மாட்டு அல்புமினும், கடுமையான அழுக்குக்கு அதோடு ஈஸ்ட் சாறும் சேர்ப்பார்கள். ஆய்வகங்களுக்கு நடுவே ஒப்பிட்டுப் பார்க்க இது அவசியம், அதனால் அதைச் செய்தோம். அப்புறம் பண்ணையின் நிலைமையை ஒட்டி இன்னொரு வரிசையும் செய்தோம்: பண்ணையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அந்தப் பண்ணைச் சாணத்தையே அழுத்தக் கொதிகலனில் வைத்துக் கிருமி நீக்கிக் கரைத்தது, பரப்புக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, சிமெண்டுத் துண்டு, பழைய தடுப்பிலிருந்து வெட்டி எடுத்த மரத்துண்டு. வைரஸைப் பரப்பில் வைத்துக் காயவிட்டு, அதன் மேல் மருந்தைப் போட்டோம்.

திரவத்தில் மிதக்கும் வைரஸைக் கொல்வது சுலபம். சாணத்தில் புதைந்து, மர நார்களுக்குள் இறங்கிக் காய்ந்த வைரஸைத் தொடுவதே கஷ்டம். தாள்களில் "30 நிமிடம்" என்று எழுதியிருப்பது பரப்பு 30 நிமிடமும் ஈரமாக இருந்தால்தான். சாய்வான தகட்டில் அடித்த கரைசல் வடிந்து ஓடிவிடும், சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அதனால் தொடர்பு நேரத்தை இரண்டு விதமாகப் பார்த்தோம்: ஈரம் காயாமல் மறுபடி தெளித்தது ஒன்று, ஒரே முறை அடித்துவிட்டு விட்டது ஒன்று.

கட்டுப்பாட்டுச் சோதனைகள்

கிருமிநாசினிச் சோதனையில் பொய்யான வெற்றி வருவது மிகச் சுலபம், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று நாம் பார்ப்பது வளர்ப்புத் தட்டில் செல்கள் சாகின்றனவா என்பதை வைத்து. மருந்தும் செல்களைக் கொல்லும். மருந்தே செல்லைக் கொன்றுவிட்டால் அந்தக் குழியைப் படிக்கவே முடியாது. அதனால் முதலில் வைரஸ் இல்லாமல் மருந்தை மட்டும் படிப்படியாக நீர்க்கவைத்துச் செல்களில் போட்டு, எந்த நீர்ப்பில் செல்கள் தாங்குகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். உதாரணமாக ஒரு மில்லியில் பத்து லட்சம் வைரஸோடு தொடங்குகிறோம், ஆனால் ஆயிரம் மடங்கு நீர்த்த பிறகுதான் செல்கள் தாங்குகின்றன என்றால், அந்தச் சோதனையில் அதிகபட்சம் 3 லாக் குறைவைத்தான் நிரூபிக்க முடியும். 4 லாக் என்று யாராவது எழுதினால் அது பார்க்காததை எழுதியது. குவாட் கரைசலில் எங்களுக்கு இந்தச் சிக்கல்தான் வந்தது. ஜெல் நிரப்பிய வடிகட்டிக் குழாய் வழியாக மருந்தைப் பிரித்தெடுத்து, தொடக்க வைரஸ் அளவையும் கூட்டிய பிறகுதான் அந்த முடிவைப் படிக்க முடிந்தது.

இரண்டாவது, நேரம் முடிந்ததும் மருந்து உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பது. அமிலத்துக்கும் சோடாவுக்கும் பிஎச்சை உடனே 7.4-க்குக் கொண்டுவரும் தாங்கல் கரைசல், குளோரினுக்குத் தயோசல்ஃபேட். நிறுத்திய கலவையில் புதிதாக வைரஸைச் சேர்த்து, அது முழுசாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தோம். மூன்றாவது, காய்ந்ததாலேயே எவ்வளவு வைரஸ் போகிறது, மரத்திலிருந்து எவ்வளவு திரும்ப வருகிறது என்பது. மரத்துண்டு வைரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும், திரும்பத் தராது. அதை மருந்தின் சாதனையாகக் கணக்கில் எழுதிவிடக் கூடாது, தண்ணீர் மட்டும் போட்ட மரத்துண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

என்ன தெரிந்தது

குவாட் இரண்டு வைரஸிலும் தேறவில்லை, சாணம் சேர்ந்ததும் இன்னும் மோசம். ஆச்சரியம் இல்லை. குவாட் வேலை செய்வது கொழுப்புச் சவ்வில், இந்த வைரஸ்களில் அது இல்லை. வாசல் தொட்டி இத்தனை நாளும் பேருக்குத்தான் இருந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் அன்றே தொலைபேசியில் சொன்னோம், அறிக்கை வரும்வரை காத்திருக்கவில்லை.

ப்ளீச்சிங் பவுடர் கரைசல் சுத்தமான எஃகில் நன்றாகத் தேறியது, சாணக் கரைசலில் விழுந்துவிட்டது. குளோரின் சாணத்தில் இருக்கும் புரதத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து செலவாகிவிடுகிறது, வைரஸுக்கு மிச்சம் இருப்பதில்லை. மரத்தில் சொல்லவே வேண்டாம். 2012-ல் அசல் கோமாரி வைரஸையே மரத்துண்டுகளில் காயவைத்துச் சோதித்து வெளியிட்ட ஆய்விலும் 22 டிகிரியில், 30 நிமிடத்தில், 2000 பிபிஎம் ஹைப்போகுளோரைட் தேறவில்லை, 2 சதவீத சிட்ரிக் அமிலம் தேறியது.

பெராக்ஸிமோனோசல்ஃபேட் 1 சதவீதத்தில், புதிதாகக் கரைத்தபோது, இரண்டு வைரஸிலும் தேறியது. பண்ணையிலிருந்து வந்த, கரைத்து வைத்துப் பல நாளான கரைசல் தேறவில்லை. பொடி நல்ல பொடிதான், கரைத்தபின் அதன் ஆயுள் குறைவு.

சலவை சோடா 4 சதவீதத்தில் குதிரை வைரஸில் தேறியது, ஆனால் குளிரில் மெதுவாக. சிட்ரிக் அமிலம் எதிர்பார்த்தபடியே என்டெரோவைரஸை அசைக்கவில்லை, குதிரை வைரஸை எஃகில் 0.2 சதவீதத்திலேயே விரைவாக முடித்தது. சாணம் சேர்ந்தபோது 0.2 சதவீதம் தடுமாறியது, 2 சதவீதம் நின்றது. மரத்தில் 2 சதவீதம், ஈரம் காயாமல் 30 நிமிடம், அதற்குக் குறைந்து எதுவும் நம்பும்படியாக இல்லை.

இங்கேதான் ஒரு முரண் கண்ணில் பட்டது. பண்ணை பயன்படுத்தியது சோடாவும் சிட்ரிக் அமிலமும். தனித்தனியே இரண்டும் தேறுகின்றன. அப்படியிருக்க, கொட்டகையில் என்ன நடந்திருக்கும்?

கொட்டகைக்குப் போனபோது

சகா ஒருவர் பிஎச் தாள் கட்டோடு பண்ணைக்குப் போனார். வழக்கமாக எப்படிச் செய்வார்களோ அப்படியே ஒரு மூலையில் செய்துகாட்டச் சொன்னார். தெளிக்கிறவர், "சோடா காய்ஞ்சிட்டா பிடிக்காது சார், அதனால ஈரத்தோட ஈரமா ஆசிட் அடிச்சிடுவோம்" என்றார். அவர் செய்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது, வேகம் இருந்தது, அலட்சியம் துளியும் இல்லை. தெளிப்பான் தொட்டியில் இருந்த அமிலக் கரைசலின் பிஎச் மூன்றுக்குக் கீழே. அது தரையிலும் தொட்டியிலும் பட்டபின் தாளை வைத்தால் ஏழு, எட்டு. சில இடத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தது, கார்பனேட்டும் அமிலமும் ஒன்றையொன்று தின்று கரியமில வாயு விடுவதன் அடையாளம்.

கணக்கு போட்டால் இது தெளிவாகத் தெரியும். ஒரு லிட்டர் 0.2 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் அமிலம் 2 கிராம்தான். அதை முழுசாக நடுநிலையாக்க 4 சதவீத சோடாக் கரைசல் சுமார் 40 மில்லி போதும். சோடாவால் நனைந்து கிடக்கும் தரையில் லிட்டருக்கு 40 மில்லி என்பது ஒன்றுமே இல்லை, குழிவான இடங்களில் அதைவிட எவ்வளவோ அதிகம் தேங்கியிருக்கும். சோடா தனியாக இருந்தபோது பிஎச் 11-க்கு மேலே இருந்தது, வைரஸுக்கு ஆகாத இடம். அமிலம் தனியாக இருந்தால் மூன்றுக்குக் கீழே, அதுவும் ஆகாது. இரண்டையும் சேர்த்து ஏழுக்குக் கொண்டுவந்தது, கோமாரி வைரஸ் எந்தப் பிஎச்சில் சுகமாக இருக்குமோ அங்கே கொண்டுவிட்டது.

திரும்பி வந்து இதே வரிசையை ஆய்வகத்தில் செய்தோம். சிமெண்டுத் துண்டில் குதிரை வைரஸ், அதன் மேல் சோடா, சில நிமிடம் மட்டும் விட்டு, கழுவாமல் அமிலம். குறைவு 4 லாக்கை எட்டவே இல்லை. சோடாவை மட்டும் போட்டு முழு நேரம் விட்ட துண்டு தேறியது. சோடாவுக்குப் பின் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வடியவிட்டு, பிறகு அமிலம் போட்ட துண்டும் தேறியது. அதாவது இரண்டாவது மருந்து, முதல் மருந்து பாதியில் செய்துகொண்டிருந்த வேலையையும் நிறுத்திவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேலாளருக்கு ஒரு பெயர் வேண்டும். "எது ஸ்ட்ராங்கோ அதை மட்டும் சொல்லுங்க சார், விலை பரவாயில்ல" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கன்றுகளை இழந்த மனிதர், அவர் அவசரம் புரியாமல் இல்லை. ஆனாலும் புது மருந்தின் பெயரைச் சொல்லாமல், இருப்பதையே இடத்துக்கு இடம் பிரித்துக் கொடுத்தோம். முதலில் எல்லா இடத்திலும் உலர்ந்த சாணம் போகும்வரை சுரண்டல், சோப்புக் கரைசலில் தேய்ப்பு, நிறையத் தண்ணீரில் கழுவல், வடிய விடுதல். அதற்குப் பிறகு ஒரு பரப்புக்கு ஒரே மருந்து.

சிமெண்டுத் தரைக்கும் சுவருக்கும் வாய்க்காலுக்கும் 4 சதவீத சோடா மட்டும். அமிலம் சிமெண்டை அரிக்கும், சிமெண்டும் தன் பங்குக்கு அமிலத்தைச் செலவாக்கிவிடும், அதனால் அங்கே அமிலம் வேண்டாம். குளிரில் மெதுவாக வேலை செய்வதால் வெயில் ஏறிய பிறகு அடித்து, ஈரம் காயாமல் மறுபடி தெளிக்கச் சொன்னோம். எஃகுத் தொட்டி, கருவிகள், ரப்பர் காலணி, வண்டிச் சக்கரம் இவற்றுக்குச் சிட்ரிக் அமிலம், 0.2 அல்ல, 2 சதவீதம். அலுமினியப் பொருட்கள் பக்கம் சோடா போகக் கூடாது, அரித்துவிடும். கால் தொட்டிக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் பிரஷும், சாணத்தோடு இறங்கினால் எந்தத் தொட்டியும் அரை நாளில் சாணித் தண்ணீர்தான். ஒவ்வொரு முறை தெளித்த பிறகும் பரப்பில் பிஎச் தாள்: அமிலம் அடித்த இடம் 4-க்குக் கீழே, சோடா அடித்த இடம் 10-க்கு மேலே. நடுவில் எது வந்தாலும் கழுவிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

ப்ளீச்சிங் பவுடரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். சாணத்தில் வலுவிழப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அமிலம் புழங்குகிற இடத்தில் ப்ளீச்சிங் கரைசல் இருந்தால் என்றாவது ஒரு நாள் இரண்டும் கலக்கும், கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய கொட்டகையில் அது ஆளைக் கொல்லக்கூடியது. இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

மரத் தடுப்புகள்தான் கடைசிவரை இழுத்தன. 2 சதவீத அமிலத்தை 30 நிமிடம் ஈரமாக வைத்திருப்பது நேராக நிற்கும் மரக்கட்டையில் நடைமுறையில் கஷ்டம். விரிசல் விட்ட பழைய மரத்துக்கு எங்கள் தரவு எந்த உறுதியும் தரவில்லை, அதை அப்படியே சொன்னோம். பண்ணை அவற்றைக் கழற்றி எரித்துவிட்டு இரும்புக் குழாய் போட்டது. செலவுதான். ஆனால் நிரூபிக்க முடியாத ஒன்றை நிரூபித்ததுபோல எழுதித் தருவது எங்களால் ஆகாது.

அதன் பிறகு

உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் அசல் ஓ வகை வைரஸில் மூன்றை மட்டும் சரிபார்த்தார்கள்: 2 சதவீத சிட்ரிக் அமிலம், 4 சதவீத சோடா, ஒப்பீட்டுக்குக் குவாட். முதலிரண்டும் தேறின, குவாட் தேறவில்லை. சோடாவின் மேல் அமிலம் என்ற வரிசையையும் கேட்டிருந்தோம், அதுவும் எங்கள் முடிவோடு ஒத்துப்போனது.

கொட்டகை புதிய முறையில் முடிந்ததும் கிடேரிகளை மொத்தமாகக் கொண்டுவரவில்லை. நோய்க்கான எதிர்ப்புப் புரதம் இல்லாத சில இளம் மாடுகளை மட்டும் முதலில் கட்டினார்கள். உலக கால்நடை நல அமைப்பின் விதியில் கோமாரியின் அரும்பு காலம் 14 நாள். அதன் இரண்டு மடங்கு, 28 நாள், தினமும் வாயையும் குளம்பையும் பார்த்தார்கள், கடைசியில் ரத்தமும் எடுத்தார்கள். வைரஸின் கட்டமைப்பில் சேராத புரதங்களுக்கான எதிர்ப்புப் புரதம் இருந்தால் உண்மையான தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். எதுவும் இல்லை. அதன் பிறகே மற்றவை வந்தன, அவை தடுப்பூசி போட்டே வந்தன.

இந்த நல்ல முடிவைக் கிருமிநாசினியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. இடையில் வெயில் காலம் வந்துவிட்டது, கொட்டகை காலியாகக் காய்ந்தது, மரம் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, பழைய முறையிலேயே விட்ட இன்னொரு கொட்டகை நம்மிடம் இல்லை, அப்படி விடுவது நியாயமும் இல்லை. இன்னொன்றும் உண்டு. தேறிய மாடுகள் சில தொண்டையில் வைரஸை மாதக் கணக்கில், அரிதாக ஆண்டுக் கணக்கில்கூட வைத்திருக்கும். எந்த மருந்தும் அங்கே எட்டாது. அதனால்தான் தேறிய மாடுகளையும் புதிய கிடேரிகளையும் தனித்தனிக் கொட்டகையில், தனித்தனி ஆட்களோடு வைக்கச் சொன்னார் மருத்துவர். அந்தப் பிரிவினை இன்றும் அங்கே தொடர்கிறது.

அடுத்த முறை மாறப்போவது

சோதனைக்கு வரும் விண்ணப்பத்தில் இதுவரை மருந்தின் பெயரும் செறிவும்தான் கேட்டோம். இப்போது அதற்கு முன்னும் பின்னும் பரப்பில் என்ன படுகிறது, எவ்வளவு இடைவெளியில், நடுவில் கழுவுவார்களா, எந்தத் தண்ணீர், காலையிலா மதியமா என்று கேட்கிறோம். முடிந்தால் தெளிப்பதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம், எழுத்தில் வராத விஷயம் அதில் வந்துவிடுகிறது. பிஎச் தாளோடு பண்ணைக்குப் போவது இனிக் கடைசியில் அல்ல, முதலில்.

பரப்பு மாதிரி எடுப்பவர்களுக்கு நடுநிலையாக்கும் திரவம் நிரப்பிய குப்பிகளை நாங்களே அனுப்புகிறோம், ஐஸ் பெட்டியோடு. மருந்தடிப்பதற்கு முன் ஒரு தொகுதி, பின் ஒரு தொகுதி. முன் மாதிரி இல்லாமல் பின் மாதிரியில் வரும் பாசிட்டிவைப் படிக்கவே முடியாது என்பது இந்தப் பண்ணையிலேயே தெரிந்தது.

அமிலம் சார்ந்த மருந்துகளுக்கு இரண்டு வைரஸ் முடிவையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "இது பிஎச்சை நம்பி வேலை செய்யும் மருந்து, பரப்பில் பிஎச்சை அளக்கவும்" என்ற வரியை முதல் பக்கத்திலேயே சேர்க்கிறோம். மர விஷயம் இன்னும் முடியவில்லை. பழைய, விரிசல் விட்ட மரத்தில் 2 சதவீத அமிலத்தை நுரையாக அடித்தால் ஈரம் நிற்குமா என்று பார்க்க, கழற்றிய தடுப்புகளில் சிலதை எரிப்பதற்கு முன் வெட்டி, கிருமி நீக்கி எடுத்துவைத்திருக்கிறோம். அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது.